முப்பிடாதி அக்கா கொண்டுபோன தம்ளர்

முப்பிடாதி அக்காவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் பகலெல்லாம் வேலை. திரும்பும்போது எங்கள் லைன் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இருமல் என்று விசாரித்துக்கொண்டே வருவாள். விசாரிப்பது திட்டுவதற்குத்தான். காய்ச்சல்காரனைக் கம்பளியால் மூடியிருந்தால் உருவி எறிவாள். சுட்ட கையில் இங்க் தடவியவளை அடிக்கப் போவாள். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். அவளுடைய வைத்தியப் படிப்பு அவ்வளவுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் எங்கள் குழாய் ஒன்பது நாளாகக் காய்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து என் கங்காவுக்கு வயிறு போயிற்று. ஒன்றரை வயது. நர்ஸ் சொல்லியிருந்தபடியே கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் காலையிலிருந்து கொடுத்தேன். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடி வீறிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அக்கா, குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். அழுகிற கண்ணில் நீர் வருகிறதா என்று பார்த்தாள். பிறகு தம்ளரை எடுத்து ஒரு வாய் வைத்துத் துப்பினாள்.

"ஏட்டி பாக்கியம், எந்தத் தண்ணியில கஞ்சி வச்சே?"

"கிணத்துத் தண்ணிதான்க்கா."

"காயல் தண்ணி ஏறின கிணறுட்டீ! அதுலயே உப்பு கெடக்கு. நீ வேற அள்ளிப் போட்டிருக்கே. கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. குழந்தைக்குக் கொடுப்பதை எச்சில் பண்ணக் கூடாது என்றே வளர்ந்தவள் நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வண்டியில் நல்ல தண்ணீர் வாங்கும் சாயாக்கடைக்கு ஓடிச் சண்டை போட்டு ஒரு குடம் கொண்டுவந்தாள். புதிதாகக் கஞ்சி வைத்து, ருசி பார்த்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னாள்.

"பொழுது சாயுமுன்ன ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, கண்ணு சொருகினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடு. எனக்காகக் காத்துக் கெடக்காதே."

நாலு மணிக்குக் கங்கா என் மடியை நனைத்தாள். நான் அழுதேன். வேலை விட்டு வந்து கேட்ட அக்கா அழவில்லை, அவளுக்கு அப்போதுதான் கோபம் தலைக்கேறியது.

மறுநாள் வேலைக்குப் போகாமல், நான் முதல் நாள் செய்த அதே பக்குவத்தில் ஒரு தம்ளர் கஞ்சித் தண்ணீர் செய்துகொண்டு, என்னையும் குழந்தையையும் தண்ணீர் ஆபீசுக்கு இழுத்துப் போனாள். ஆபீசர் விஸ்வேஸ்வரன் பாலக்காட்டுக்காரர்.

"மோட்டார் கேடாக்கும். இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோங்கோ. கிணறு இருக்கோல்லியோ?" என்றார்.

"இருக்கு சாரே. அந்தத் தண்ணியில வச்ச கஞ்சிதான் இது. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. குடிக்காம நாங்க போக மாட்டோம்."

எங்களை அனுப்பினால் போதும் என்று ஒரு வாய் குடித்தார். உடனே குப்பைக்கூடையில் துப்பினார்.

"சீ! இதை மனுஷா குடிப்பாளா?"

அக்கா கங்காவைத் தூக்கி அவர் மேஜைமேல் உட்கார வைத்தாள்.

"இவ குடிச்சா சாரே. துப்பத் தெரியல."