ஆறு தடவை நின்ற ஐஸ் அறை

ஆறு வயதில் தலைமன்னாரிலிருந்து படகேறிப் போனவன் ஜெனோஜன். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து படித்தான். பிறகு ஒன்பது வருடம் சென்னையில், கணினியின் அடியில் ஓடும் நிரல்களை எழுதினான். ஒழுங்காக ஓடினால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், நின்றால் மட்டும் ஏசுவார்கள். அப்படியொரு உத்தியோகம்.

செத்தாலும் ஊரில்தான் சாவேன் என்று தாய் அகஸ்ரினா ஒற்றைக்காலில் நின்றதால் 2014இல் இருவரும் திரும்பி வந்தார்கள். தாய் இங்கே தலைமன்னாரில், மகன் கொழும்பில். அங்கே ஒரு சூரிய சக்தி ஆராய்ச்சிக் குழுவில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்து, வெயிலில் ஓடும் ஐஸ் அறை ஒன்றை எங்கள் கரைக்கே கேட்டு வாங்கினான். அதுவரை பிடித்த மீனைக் கெட்டுப்போகுமுன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்களும் பெரிய யோக்கியர்கள் இல்லை. முகாமிலிருந்து வந்தவர்களை ‘இந்தியாக்காரர்’ என்று சொல்லிச் சிரித்தவர்கள்தான். தான் செத்தால் தூக்க நாலு பேராவது வருவார்களா என்று அகஸ்ரினா என் மனைவியிடம் கேட்டிருக்கிறா. அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குழு ஒரு நிபந்தனை போட்டது. அறையின் குளிர், மின்சாரம் பற்றிய ஒரு வருடத்து அளவீடுகள் விடுபடாமல் கொழும்புக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அறையைக் கழற்றி வேறு கரைக்குக் கொண்டுபோவார்கள். பத்து மாதத்துக்குள் ஐந்து தடவை அளவீடு நின்றுபோனது. அளவீட்டை அனுப்பும் தன் நிரலில்தான் பிழை என்று ஜெனோஜன் அதை மூன்று முறை திருப்பி எழுதினான். எங்கள் மீனவர் சங்கத் தலைவர் சிங்கராசாவுக்கு ஒவ்வொரு தடவையும் போன் எடுத்து, மெசின் பழுதா என்று கேட்டான். இல்லை என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

பதினோராம் மாதம் அகஸ்ரினா செத்துப்போனா. ஜெனோஜன் ரயிலில் வந்திறங்கியபோது படகுகளெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. நாலு பேரென்ன, ஊரே சவத்துக்குப் பின்னால் போனது.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பும் வழியில் பழக்க தோஷத்தில் போனைப் பார்த்தான். முந்தின நாள் காலையிலிருந்து அளவீடு இல்லை. நேரே ஐஸ் அறைக்குப் போனான், நானும் பின்னால் போனேன். சிங்கராசா சுவிட்சைப் போட்டுக்கொண்டு நின்றார்.

“ஆர் இதை நிப்பாட்டினது?” என்றான். அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“நான்தான். இழவு விழுந்தால் அடக்கம் முடியுமட்டும் ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை, கரையில ஒரு மெசினும் ஓடுறேல்லை. இதுக்கு முந்தி அஞ்சு பேருக்கு நிப்பாட்டினனாங்கள். உங்கட அம்மாவுக்கு மட்டும் ஓட விடுவமோ, தம்பி?”

அவன் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதான். தாய்க்காக அவன் அழுது அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

அறிக்கையில் அவன் எதையும் மறைக்கவில்லை. குழு ஏற்றுக்கொண்டது, ஐஸ் அறை இன்றைக்கும் எங்கள் கரையில்தான் ஓடுகிறது. அந்த அறிக்கையில், அளவீடு நின்றதற்குக் காரணம் எழுதும் இடத்தில் ஆறு பெயர்கள் இருக்கின்றன. ஐந்து பேரும் இந்தக் கரையிலேயே பிறந்து வாழ்ந்து செத்தவர்கள். ஆறாவது பெயர் அகஸ்ரினா.