கடலுக்கு அடியில் மாப்பிள்ளை பார்த்த கதை

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்ப்பது இரண்டாவது காரியம். அவர் வேலை செய்யும் இடத்தைப் பார்ப்பதே முதற்காரியம். ஜாதகம் பொருந்தலாம், சம்பளம் பொருந்தலாம். ஆனால், மனிதர் வேலை செய்வதை எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணால் கண்டுவந்து சொன்னால்தான் தாம்பூலம் மாற்றுவோம். பெரியப்பாவின் மூத்த மருமகன் வங்கியில் காசாளர் என்றபோது, பெரியப்பா அந்த வங்கிக்கே சென்று வரிசையில் நின்று, கிழிந்த ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டி, அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தார். இரண்டாம் மருமகன் குவைத்தில் கிரேன் ஓட்டுபவர். அதற்கும் நாங்கள் தளரவில்லை. அங்கே கொத்தனாராக இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெயிலில் நின்று, வானத்தில் இருந்த அந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். முகம் கடுகளவே தெரிந்தது. ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான்.

இத்தகைய குடும்பத்தில் என் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் மாமல்லபுரத்தை ஒட்டிய கிராமம். வேலையோ கரீபியன் கடலில் ஒரு தீவில். சுற்றுலா வருபவர்களுக்கு ஸ்கூபா டைவிங் கற்றுத் தருகிறார். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அவர், மாமல்லபுரம் கடற்கரையில் நண்பர் நடத்தும் ஸ்கூபா பயிற்சி நிலையத்தில் கைகொடுத்துக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விவாதம் தொடங்கியது.

"தண்ணிக்குள்ள இன்னா வேல?" என்றார் பெரியப்பா. அவர் திருப்போரூரில் மனை விற்பவர். தண்ணீர் நிற்கும் இடம் என்றாலே விலைபோகாத இடம் என்பது அவருடைய தொழில் அறிவு.

"கத்துக் குடுக்கறது பெரியப்பா" என்றாள் அக்கா.

"மீனுக்கா?"

"மனுசங்களுக்கு. உள்ள எறங்கி மூச்சு வுடறதுக்கு."

"மூச்சு வுடறத காசு குடுத்து கத்துக்கறாங்களா? அப்ப நாமெல்லாம் இத்தினி நாளா இன்னா பண்ணிகினு கீறோம்?"

அப்பாவின் தடை வேறு வகையானது. அவர் கல்லூரிகளுக்கு வேன் விடுபவர். ஓட்டுநர்களோடு பேசிப் பேசியே தொழில் நடத்துபவர். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை, "காபி நல்லா கீது" என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. "இப்டி வாயே தொறக்காத ஆளா இருந்தா, காலம் பூரா இவ யாரோட பேசுவா?" என்று அப்பா கவலைப்பட்டார்.

"நம்ம வூட்டுல ஒருத்தன் பேசறதே காலம் பூராவுக்கும் போதும்ப்பா" என்றாள் அக்கா.

அந்த ஒருவன் நான். பள்ளிக் காலம் தொட்டு மேடையில் நிற்பவன். சட்டக் கல்லூரியின் பேச்சாளர் அணிக்குத் தலைமை தாங்குபவன். வெல்லும் பேச்சுக்கு அடிப்படை மூச்சு என்பது என் கொள்கை. கொளவாய் ஏரிக்கரையில் விடியற்காலையில் நின்று, நெஞ்சு நிறைய இழுத்த காற்றைச் சொட்டும் சிந்தாமல் அடக்கி, ஒரு பத்தி முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்கும் ஆற்றலைப் பெற்றிருந்தேன். நடுவர்கள் மணி அடித்த பிறகும் என் வாக்கியம் முடியாமல் ஓடியதுண்டு.

பெரியப்பாவின் கையில் மாற்று வரன் ஒன்று தயாராக இருந்தது: அவருடைய கூட்டாளியின் மகன், திருப்போரூரிலேயே, காய்ந்த நிலத்தில். நேரில் போய்ப் பார்த்து, கடல் மாப்பிள்ளை சரியில்லை என்றால் அடுத்த வாரமே அந்த வீட்டுக்குத் தட்டு எடுத்துச் செல்வது என்று முடிவாயிற்று. பார்ப்பது யார்? பெரியப்பாவுக்கு இரத்த அழுத்தம். அப்பாவுக்கு முழங்கால் வலி. "கேள்வி கேக்கத் தெரிஞ்சவன் நம்மள்ல இவன்தான். இவனே எறங்கட்டும்" என்றார் பெரியப்பா. தகுதியறிந்து வழங்கப்பட்ட பொறுப்பு என்பதால் மறுக்காமல் ஏற்றேன்.

அன்று மாலை அக்கா என்னை மாடிக்கு அழைத்துச் சென்றாள். படூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள், எதற்கும் கலங்காதவள். அன்று அவள் குரல் தணிந்திருந்தது.

"எனக்கு இவரத்தான்டா புடிச்சிகீது. போன்ல நல்லாத்தான் பேசறாரு. நீ போய் பாத்துட்டு வந்து நல்லதா நாலு வார்த்த சொல்லு. நாலே வார்த்த."

"உண்மையை ஆராயாமல் நான் எந்த அணியிலும் நிற்பதில்லை" என்றேன்.

"போன மாசம் காலைல ஒரு அணிக்கும் சாயங்காலம் அதுக்கு எதிரணிக்கும் பேசி ரெண்டு கப்பு வாங்கிகினு வந்த. எங்கிட்ட வந்து அணி இன்னாடா அணி?"

அது வேறு, இது வேறு என்பதை நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வேனில் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குச் சென்றோம். வழக்கப்படி அக்கா வீட்டிலேயே இருந்தாள். அம்மா அவளுக்குத் துணை. மாப்பிள்ளையின் பெற்றோர் எங்களுக்கு முன்பே வந்து, தென்னை நிழலில் பாய் விரித்து, இட்லியும் வடகறியும் அடங்கிய பெரிய தூக்குகளோடு காத்திருந்தனர்.

முதலில் நிலையத்தின் நீச்சல் குளத்தில் பயிற்சி. முதுகில் காற்று உருளை, மார்பில் காற்றடைக்கும் சட்டை, இடுப்பில் ஈயக் கட்டிகள், கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி ஆகியவற்றை மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எனக்கு மாட்டினார். இறுதியாக, வாயில் கவ்விக்கொள்ள வேண்டிய ரப்பர் முனையை நீட்டினார்.

"இதை வாயில் வைத்துக்கொண்டு உரையாடுவது எப்படி சார்?" என்று கேட்டேன். அவருடைய பணியிடத்திலேயே அவரை விசாரிப்பது என் திட்டம்.

"முடியாது தம்பி."

"ஐயம் எழுந்தால்?"

"கைய ஆட்டுங்க."

குறுக்கு விசாரணை அத்துடன் முடிந்தது. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வழக்கம்போல் அடக்கி, குளத்தில் அமிழ முயன்றேன். மிதந்தேன். அவர் ஈயக் கட்டிகளைக் கூட்டினார். மீண்டும் மிதந்தேன். இன்னும் கூட்டினார். ஈயமும் நானும் சேர்ந்து மிதந்தோம்.

"காலி டப்பா அப்டித்தான் மெதக்கும்" என்று கரையிலிருந்து பெரியப்பா அப்பாவிடம் சொன்னது, நீர்ப்பரப்பில் மிகத் தெளிவாகக் கேட்டது.

மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார். "தம்பி, மூச்ச உள்ளயே வச்சிகினு கீறீங்க. வுடுங்க."

"அது என் பல்லாண்டுப் பயிற்சி சார். விடாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு."

"இங்க அது ஆவாது. மூச்ச அடக்கிகினு கீழேர்ந்து மேல வந்தா நுரையீரலு தாங்காது. இழுக்கணும், வுடணும். நிறுத்தவே கூடாது. இத்த நீங்க பண்ணாம கடலுக்கு இட்டுகினு போவ மாட்டேன்."

முயன்றேன். எத்தனை முறை முயன்றும் என் மார்பு எனக்கே கட்டுப்படவில்லை. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. நான் இறங்கவில்லை என்றால் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் அடுத்த வாரம் திருப்போரூர். மாப்பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தார்.

"பேசும்போது மூச்சு தானா வெளிய போவுது இல்ல?"

"போகத்தான் செய்யும்."

"அப்ப பேசுங்க. வாய்ல இருக்கறத கவ்விகினு, தண்ணிக்குள்ள பேசுங்க."

"என்ன பேசுவது?"

"எது உங்களுக்கு நல்லா வருமோ அது."

பரிசளிப்பு விழாக்கள் நீங்கலாக, ஒருவர் தாமே முன்வந்து என்னைப் பேசச் சொன்னது வாழ்நாளில் அதுவே முதல் முறை. மாவட்ட அளவில் எனக்கு முதற்பரிசு பெற்றுத் தந்த 'ஏரிகளைக் காப்போம்' என்ற உரையைத் தேர்ந்தெடுத்தேன். நீருக்குள் முகத்தை வைத்து, அவைத் தலைவரை விளித்தேன். குமிழிகள் கொத்தாக எழுந்தன. நடுவர் பெருமக்களை விளித்து முடிப்பதற்குள் என் முழங்கால் குளத்தின் தரையைத் தொட்டது.

பிறகு படகில் ஏறி அலைகளைத் தாண்டினோம். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியபோது, மாப்பிள்ளை என் முகத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில், தன் முகத்தை வைத்துக்கொண்டே இறங்கினார். கடல் பச்சையாக இருந்தது. நான் பேசிக்கொண்டே சென்றேன். தண்ணீர் இல்லாத நாளை எண்ணிப் பாருங்கள் என்று அவையோரைக் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு துளியும் உயிர் என்று முழங்கினேன். நாற்புறமும், தலைக்கு மேலும், காலுக்குக் கீழும் தண்ணீர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சிறு மீன்கள் சில வந்தன. முன்னுரை முடிந்ததும் சென்றுவிட்டன. மாப்பிள்ளை மட்டும் போகவில்லை. என் கண்களையே பார்த்தபடி, அவ்வப்போது தலையசைத்துக்கொண்டிருந்தார். ஆக்கிரமிப்புகளைப் பற்றிய பகுதியில், என் வழக்கப்படி விரலை உயர்த்தினேன். அதற்கும் தலையசைத்தார்.

அடித்தரையில் ஒரு பாறையைத் தொட்டு நின்றபோதுதான் கண்ணாடியின் விளிம்பு வழியாக உப்புநீர் உள்ளே கசிந்தது. மூக்கு எரிந்தது. உரை அறுந்தது. அச்சத்தில் உடல் தன் பழைய பயிற்சிக்கே திரும்பியது: நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து இறுக அடக்கினேன். கால்கள் தரையை விட்டு எழும்பின.

மாப்பிள்ளையின் கை என் சட்டைப் பட்டையைப் பற்றியது. அவர் அவசரப்படவில்லை, என்னை உலுக்கவுமில்லை. மறு கையை என் கண்ணெதிரே கொண்டுவந்து, நான்கு விரல்களையும் கட்டைவிரலையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினார், வாய் திறந்து மூடுவதுபோல. பேசுங்கள் என்றார் அந்தக் கையால். விட்ட இடம் எனக்கு நினைவில்லை. வரவேற்புரையிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். அவர் பிடியை விடாமல், முதலிலிருந்து மறுபடியும் கேட்டார். நன்றியுரைக்கு வந்தபோது என் கால்கள் தரையில் நின்றன. கண்ணாடிக்குள் இருந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றவும் என்னால் முடிந்தது.

பேசிக்கொண்டே மெல்ல மேலேறி, நலமாகப் படகை அடைந்தோம். கடலடியில் நான் காத்த கண்ணியம் கரையோரத்தில்தான் குலைந்தது.

படகு கரைக்கு அருகே நின்றதும் முழங்கால் அளவு நீரில் இறங்கினேன். முதுகில் உருளை இல்லை, ஈயம் இல்லை, வாயில் ரப்பர் முனையும் இல்லை. அக்கம்பக்கத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். பின்னாலிருந்து வந்த அலை ஒன்று என் கால்களை வாரிவிட்டது. நான் மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மாவட்டத்தையே கவர்ந்த என் முழுக் குரலில் அலறினேன்:

"மாமா, வுட்டுடாத மாமா."

தாய்மாமனை விட்டால், எங்கள் பக்கத்தில் அக்காவின் கணவரைத்தான் மாமா என்போம். நிச்சயம் ஆகும்வரை அவர் 'சார்'. பெண் வீட்டு ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டால், வெற்றிலை கை மாறியதாகவே அர்த்தம். கரையில் பெரியப்பா எழுந்து நின்றார். மாப்பிள்ளையின் தாயார் தூக்கின் மூடியைத் திறந்தபடியே அப்பாவிடம் திரும்பி, "கேட்டீங்களா சம்மந்தி" என்றார்.

"பையன் பயத்துல ஒளறிட்டான். அதெல்லாம் கணக்குல வராது" என்றார் பெரியப்பா.

"பயந்தா அம்மான்னுதாங்க கத்துவாங்க. இவரு மாமான்னு இல்ல கத்துறாரு" என்று சொல்லி, அந்த அம்மாள் எனக்கு இட்லி எடுத்துவைத்தார்.

பெரியப்பா என்னிடம் பாய்ந்தார். "விசாரிச்சிகினு வாடான்னு அனுப்பினா, முடிச்சிகினே வந்துட்டியே. உள்ள இன்னா பாத்த? அத்த சொல்லு மொதல்ல."

அவையின் கவனம் என்மேல் திரும்பியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கடலின் தொன்மையிலிருந்து தொடங்கினேன். அப்பா என் தலையில் துண்டைப் போட்டு அழுத்தித் துவட்டினார். துவட்டி முடிப்பதற்குள் முன்னுரை அடங்கிவிட்டது.

"அதெல்லாம் வுடு. கீழ அவரு இன்னாதான் வேல பண்றாரு?"

"என்னப் பேச வச்சாருப்பா."

அப்பாவின் கை நின்றது. "உன்னயா? பேச வக்கிறதுக்கா?"

"பேசினாத்தான் மூச்சு போவும். அதனால ஏரி பேச்ச மொத்தமா பேசினேன். நடுவுல பயந்துட்டேன். என்னப் புடிச்சிகினு மறுபடியும் மொதல்லேர்ந்து பேச வச்சாரு."

"ஏரி பேச்சா? நீ பேசறப்ப நாங்கெல்லாம் வாசலுக்கு எழுந்து போவோமே, அதுவா?"

"அதுதான்."

"ரெண்டு தபாவுமா கேட்டாரு?"

"ரெண்டு தபாவும். மூஞ்சியப் பாத்துகினு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சற்றுத் தள்ளி, எங்கள் பேச்சைக் கேட்காதவர்போல் உருளைகளைக் கழுவிக்கொண்டிருந்த மாப்பிள்ளையை நெடுநேரம் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, இவரு வாயே தொறக்கறதில்லன்னுதான நான் யோசிச்சிகினு இருந்தேன். இவன் பேச்ச ரெண்டு தபா முழுசா கேட்டவரு, எம் பொண்ணு சொல்றதயும் கேப்பாரு. எனக்கு இது போதும்."

"எங் கூட்டாளி பையன்கூட நல்லா கேப்பாம்ப்பா" என்றார் பெரியப்பா.

"சரி, இவன ஒரு நாள் அவன்கிட்ட அனுப்பறேன். எவ்ளோ நேரம் தாங்கறான்னு பாப்போம்."

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டாளியோடு அவருக்குப் பல வருட உறவு. அதைப் பணயம் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பாயில் அமர்ந்து இன்னும் இரண்டு இட்லி கேட்டார். வடகறி நன்றாக இருப்பதாகவும் ஒப்புக்கொண்டார்.

அக்காவுக்குச் செய்தி சொல்லும் உரிமை எனக்கே உரியது என்று வாதாடி, அப்பாவின் கைப்பேசியை வாங்கினேன். நீரின் ஆழத்தையும் அதன் அடியில் நான் கண்ட உண்மையையும் இணைத்து, இறுதியில் முடிவை அறிவிக்கும் வகையில் ஒரு சிற்றுரையை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு அழைத்தேன்.

"அக்கா, ஒரு மனிதரை எடை போடுவது..."

"தெரியும்டா" என்றாள். அவள் குரல் அழுதுவிட்டுச் சிரிப்பவளுடையது. "அவரு அப்பவே மெசேஜ் போட்டுட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். பேசவே தெரியாதவர் என்று நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்த மனிதர், உருளைகளுக்குப் பின்னால், ஈரத்தலையோடு கைப்பேசியில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்பா இன்னா சொன்னாரு, பெரியப்பா எத்தினி இட்லி துன்னாரு, எல்லாம் வந்திச்சு" என்றாள் அக்கா. "முட்டி அளவு தண்ணிலயாடா அப்டி கத்தின?"