மையில் போட்ட முப்பத்தொன்று

அம்மா எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். முப்பத்து நாலு வருஷம், ஒரே பள்ளிக்கூடம். அதில் முக்கால்வாசி ஒரே அறை, மாடிப்படிக்குப் பக்கத்து அறை. மார்க்கைப் பென்சிலில்தான் போடுவாள். பிள்ளைகள் வைத்த பெயர் பென்சில் டீச்சர். போன மாதம் ஒரு வியாழக்கிழமை இறந்தாள். அறுபத்தெட்டு வயது.

விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்தால் முதலில் கையைக் கழுவுவாள். சாப்பாட்டு மேசையைத் துடைப்பாள். கட்டைப் பிரித்து வைத்துவிட்டு அரை நிமிஷம் கண்ணை மூடிச் செபிப்பாள். சின்ன வயதில் ஒருமுறை, என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"பசியோட திருத்தக்கூடாது. கோபத்தோட திருத்தக்கூடாது. தெரிஞ்ச கையெழுத்தைப் பார்த்து இளிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

மார்க் குறைந்தவர்கள் திரும்ப எழுதலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும். பள்ளி விட்டதும் கடைசி பெஞ்சில் உட்காரலாம். ஒவ்வொரு தடவையும் அவளே புதுக் கேள்விகளைக் கையால் எழுதித் தருவாள். ஒரே ஒரு நிபந்தனை. எழுதுவதற்கு முன்னால் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வரியில் தவறினோம் என்று காட்ட வேண்டும்.

"அழ வேணாம். இனிமே ஒழுங்காப் படிப்பேன்னு சத்தியமும் வேணாம். எந்த வரி? அதை மட்டும் காட்டு."

காட்டினால் பழைய மார்க்கை அழித்துவிட்டுப் புதுத் தாளை நீட்டுவாள்.

தலைமையாசிரியைக்கு இது பிடிக்காது. ஒருநாள் பதிவேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம். "என்ன டீச்சர், இது மார்க்கா மளிகை லிஸ்ட்டா? அழிச்சு அழிச்சு அந்தப் பக்கம் தெரியுது."

"வருஷக் கடைசியில மை போட்டுத் தந்துடுறேன் மேடம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பிள்ளைங்க படிச்சுட்டிருக்குங்க இல்ல?"

வீட்டில் அம்மா இதைச் சொன்னபோது அப்பாவே தலைமையாசிரியை பக்கம்தான் பேசினார். அப்பா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். முத்திரை குத்தினால் குத்தினதுதான் என்பது அவர் கட்சி. கோயிலிலும் வாசல் பக்கம் நிற்கிற ஆள். பிரசங்கம் நீண்டால் மெல்ல வெளியே நழுவிவிடுவார்.

"ஒரு தடவை சரி, ரெண்டு தடவை சரி. அதுக்கு மேல குடுத்தா பயம் விட்டுப்போகும்" என்றார்.

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மாசா மாசம் நான் போய் முழங்கால் போட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்றேன். போன மாசம் சொன்ன அதே தப்பைத்தான் இந்த மாசமும் சொல்றேன். அதே நாக்கு, அதே முன்கோபம். உனக்கு ஏற்கெனவே ரெண்டு சான்ஸ் குடுத்தாச்சு, எந்திரிச்சுப் போன்னு அங்க யாரும் என்னைத் துரத்தினதில்லை. அங்க வாங்கிக்கிட்டு வந்து இங்க இல்லேன்னு கையை விரிச்சா, நான் எதுக்குங்க கோயிலுக்குப் போறேன்?"

"சரிதான். தீர்ப்பு நாளை உன் கையில குடுத்தா ஒரு பய நரகத்துக்குப் போக மாட்டான். இடம் காலியாக் கெடக்கும், வாடகைக்கு விட்டுடலாம்."

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். அவளுடைய வகுப்புக்கு.

வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. கரும்பலகையில் எழுதும்போது இடது கையைப் பின்னால் மடித்து வைத்துக்கொள்வாள். வீட்டில் அப்படி நிற்கமாட்டாள். இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கணக்கை அவ்வளவாகப் பார்க்கவில்லை. அரையாண்டுத் தேர்வில் முப்பத்தொன்று.

பள்ளி விட்டது. கடைசி பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். தவறிய வரிகளை முன்னாடியே கண்டுபிடித்திருந்தேன். ஆறு இடம். அடியில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

அம்மா வந்தாள். நாலு பேருக்கும் தாள் கொடுத்தாள். என்னிடம் வந்து நின்றாள்.

"நீ வீட்டுக்குப் போ."

"நானும் எழுதணும் டீச்சர்."

"உனக்கு இல்லை. போ."

பதிவேடு மேசை மேல் திறந்திருந்தது. என் பெயருக்கு நேராக முப்பத்தொன்று. நீல மை. அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் மையில் இல்லை. பெஞ்சில் இருந்த ஒருத்தி, "ஐயோ, சொந்த அம்மாவே!" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா அவர்களை அதட்டவில்லை.

காரணத்தை அப்பா சொன்னார். ஆசிரியர் அறையில் யாரோ பேசியிருக்கிறார்கள்: "பென்சில் ரொம்ப வசதிதான். சொந்தப் பொண்ணு வகுப்புக்கு வர்ற வருஷம் இன்னும் வசதி." அம்மா பதில் பேசாமல் வந்திருக்கிறாள். அந்த வாயை அடைக்க அவளுக்குத் தோன்றிய வழி மை.

முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவர்களை வேறு பிரிவுக்கு மாற்றுவது அந்தப் பள்ளியின் வழக்கம். அம்மா வகுப்பிலிருந்து அதுவரை யாரும் மாறியதில்லை. நான் மாறினேன். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்தின் அந்தக் கோடிக்குப் போனேன். சுவர்களுக்கு அப்பால் அவள் குரல் கேட்கும். சொற்கள் கேட்காது.

அதற்குப் பிறகு வெறி பிடித்தமாதிரி படித்தேன். இன்ஜினியரிங் முடித்தேன். இப்போது வெல்டிங் இன்ஸ்பெக்டர். குழாய்களைப் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே படம் எடுப்போம். குறை இருந்தால் கறுப்பாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்கச் சொல்வேன். ஒரே இடத்தில் இரண்டு தடவைதான் பழுது பார்க்கலாம். மூன்றாவதும் தவறினால் வெட்டி எறிய வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"ரெண்டே தடவைதானா?" என்றாள்.

"இரும்பும்மா அது. திரும்பத் திரும்பச் சூடு பண்ணினா பலம் போயிடும்."

"அது சரி, இரும்பு" என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தாள். நான் கேட்கவில்லை.

இருபத்தேழு வருஷம் நாங்கள் சண்டையே போடவில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கிறேன். எதையும் அவளிடம் இரண்டாவது தடவை கேட்டதில்லை. எது கேட்டாலும் ஒரு தடவை. இல்லை என்றால் சரி. வெளியே பார்ப்பவர்களுக்கு அது மரியாதை.

போன வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்தி இடது கை கயிறு கயிறாகப் புடைத்துவிட்டது. கோயிலுக்குப் போக முடியாததால் ஃபாதர் வீட்டுக்கே வந்துபோனார். அப்படி அவர் வந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் வந்தது. நான் தொழிற்சாலையில், குழாய்களுக்கு நடுவே, படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலையா இருக்கியா?"

"சொல்லும்மா."

"இன்னிக்கும் ஃபாதர்கிட்ட அதைத்தான் சொன்னேன். உன் எட்டாம் வகுப்பு மார்க்கை. எத்தனை வருஷமாச் சொல்றேன்னு எனக்கே கணக்கில்லை. அவர் புதுசு, சின்னப் பையன். 'இது என்னைக்கோ மன்னிச்சாச்சும்மா, உங்க மககிட்ட சொன்னீங்களா?'ன்னு கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுடி. ஆண்டவர்கிட்டயே சொல்லிச் சொல்லி உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

நான் கையில் இருந்த படத்தை வெளிச்சத்தட்டில் வைத்தேன்.

"அதெல்லாம் பழசும்மா. நான் எப்பவோ மறந்துட்டேன்."

"மறந்துட்டேன்னு சொல்லாத. என்ன தப்பு பண்ணேன்னு என்னைச் சொல்ல விடு."

"ஞாயித்துக்கிழமை வரேன்ல, பேசலாம்."

"சரி. ஞாயிறு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா தலைவாரி, வெளுத்த சேலை கட்டி, தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி தயாராக இருந்தது.

"உக்காரு."

நான் உட்காரவில்லை. கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஆடிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"அதை விடு. அப்புறம் பார்க்கலாம்."

"ரெண்டு நிமிஷம்மா. இது கழண்டா நீ விழுந்துடுவ."

நாலு திருகாணிகள். நாலையும் முறுக்கினேன். அப்புறம் இரத்த அழுத்தக் கருவிக்கு பேட்டரி மாற்றினேன். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைத்தேன். பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டேன், ரிப்போர்ட்டைக் கேட்டேன். அவள் பதில் சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். ஒருமுறை வாயைத் திறந்தாள். நான் உடனே, "தண்ணி ரொம்பக் குடிக்கிறியா? கால் வீங்கியிருக்கு" என்றேன்.

வாயை மூடிக்கொண்டாள்.

நான் வேண்டுமென்றேதான் செய்தேன். இருபத்தேழு வருஷமாக என் கையில் இருந்த ஒரே பொருள் அந்த மன்னிப்பு. அவள் கேட்டதும் கொடுக்க மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இருந்தது. இதை மாற்றிச் சொல்ல வழியில்லை.

அப்பா திரும்பி வந்தார். மூன்று பேரும் டீ குடித்தோம். நான் கிளம்பினேன். வியாழக்கிழமை டயாலிசிஸ் நடக்கும்போதே இதயம் நின்றுவிட்டது.

அடக்கத்துக்குப் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். லாரி மெக்கானிக் ஒருவர், நகக்கண்ணில் கிரீஸோடு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, நான் ஒரே பரீட்சையைப் பதினோரு தடவை எழுதினவன். பதினொண்ணாவதுல முப்பத்தஞ்சு. நான் சிரிச்சேன், டீச்சர் அழுதாங்க. எங்க வீட்ல என்னை அடிக்காத ஆளே கிடையாது. இவங்க மட்டும் ஒவ்வொரு நாளும் முதல் நாள் மாதிரியே தாளை நீட்டுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குக் குடுத்துவெச்சிருக்குக்கா. டீச்சர் வீட்லயே. எத்தனை தடவை வேணாலும் எழுதியிருக்கலாம்."

"ஆமாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். மத்தியானம். அப்பா அம்மாவின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். படுக்கையை எடுத்துவிட்டிருந்தார்கள், வெறும் பலகை.

"அன்னிக்கு நீ போனப்புறம் உங்கம்மா என்ன சொன்னா தெரியுமா?"

"திட்டினாளா?"

"இல்ல பாப்பா. 'அவ இன்னும் தயாராகலைங்க. கட்டாயப்படுத்தக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவா இல்ல, பார்த்துக்கலாம்'னா. முந்தாநேத்து வரைக்கும் இன்னிக்காக..." நிறுத்திவிட்டார். வியாழக்கிழமைக்குப் பிறகு அவருக்கு நாள் கணக்குக் குழம்பியிருந்தது.

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் மறக்கவே இல்லை. போன்ல பொய் சொன்னேன்."

"தெரியும். அவளுக்கும் தெரியும்."

"அன்னிக்கு நான் மன்னிக்கலை."

"ம்."

"இப்போ மன்னிச்சுட்டேன். இதைப் போய் நான் யார்கிட்ட சொல்றது?"

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"என்கிட்ட சொல்லு" என்றார் அப்பா. "எப்படியும் நான்தானே அடுத்துப் போகணும். போய்ச் சொல்லிடுறேன். ஒரு லெட்டரையும் நான் தொலைச்சதில்லை."

சொல்ல ஆரம்பித்தேன். நாலு பேர் முன்னால் என்னைப் போகச் சொன்னதை. நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டதை. அவளைக் காத்திருக்க வைத்ததை. அழுகையில் எனக்கே வார்த்தை புரியவில்லை. அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மெதுவாச் சொல்லு பாப்பா. எனக்கு ஞாபகம் இருக்கணும்."