பனைமரக் கடிகாரமும் கல்யாணக் குடையும்

யுத்த காலத்தில் சர்க்கார் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி முன்னே தள்ளிவைத்தது. அதனால் எதிரிக்கு என்ன நஷ்டமோ, என் மாமனாருக்கு ஒரு மணி நேரத் தண்ணீர் நஷ்டம்.

திருத்தணிக்கு வெளியே அவருக்கும் அவர் பங்காளிக்கும் பொதுவில் ஒரு கிணறு. விடிந்ததிலிருந்து மாமனார் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார். பகல் ரயில் ஊதியதும் பங்காளியின் முறை. இப்போது ரயில், சூரியன் உச்சிக்கு வருமுன்பே ஊதிவிட்டது.

கணக்கு வாத்தியாரான நான் சும்மா இருந்திருக்கலாம். "ரயிலு பொய் சொல்லும் மாமா, நிழலு சொல்லாது" என்றேன். ஒரு முழக் குச்சி போதும். மாப்பிள்ளை புத்தி முழத்தில் நிற்குமா? ஐந்து ஆள் உயரத்துக்கு ஒரு பனைமரத்தை வெட்டிக் கம்பமாக நட்டேன்.

பனை நேராக இருக்கும் என்று நம்புகிறவர்கள் அதற்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்ததில்லை. நாலு தரம் பிடுங்கி நட்டோம். கம்பம் உயர உயர நிழலின் நுனி வேறு மங்கியது. மோர் கொட்டிய இடத்தில் கரை தேடுகிற மாதிரிதான். உச்சிவேளை நிழல் வடக்கே விழுந்த கோட்டில் வெள்ளைக் கற்கள் பதித்தேன். பக்கத்தில் தோண்டினால் மரம் ஆடுமென்று அடியில் இரண்டு முழம் கல் பதிக்காமல் விட்டுவிட்டேன்.

நிழல் கல்லைத் தொட்டால்தான் முறை மாறும் என்று இருவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் நான் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

சித்திரையில் ஒரு நாள் பங்காளி பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்தார். "வாத்தியாரே, எங் கத்திரி நாத்து வதங்கிகினு கீது. ஒங்க மாமனாரு இன்னும் எறச்சிகினே கீறாரு!"

ஓடினேன். சூரியன் நடு மண்டையில். பனையின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது.

"மாமா, உச்சி தாண்டிடுச்சி."

"ஆங், தாண்டிச்சி. நிழலு கல்லத் தொட்டுச்சா? மலைமேல கீறவன் மேல சத்தியம் மாப்ள."

"எப்பதான் தொடும்?" என்றார் பங்காளி.

மனக்கணக்குப் போட்டேன். சூரியன் மறுபடி தெற்கே சாய்ந்து, ஆவணியில்.

மறுநாள் காலையில் மாமனாரின் ஏணியிலேயே ஏறி, கல்யாணத்தில் அவர் கொடுத்த குடையை விரித்து, நிழல் கல்லில் விழும்படி வடக்கே நீட்டிக் கம்பத்தின் நுனியில் கட்டினேன்.

"கம்பத்துல கட்டினது கம்பந்தானே மாமா?"

"சரி" என்றார்.

குடையின் அகலத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உச்சிக்குக் கால் மணி முன்பே அதன் விளிம்பு நிழல் கல்லைத் தொட்டுவிட்டது. பங்காளி கைதட்டிக்கொண்டு மாடு ஓட்டி வந்தார்.

மாமனார் மாட்டை அவிழ்த்தார். குடை காற்றில் ஆடியதால் நான் மறுபடி மேலே ஏறிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

"மாமா!"

"நிழலப் பாத்து உச்சி ஆனதும் சொல்லுங்க மாப்ள. ஏணி கொண்டாறேன்."