நனைந்திருந்த பக்கங்கள்

நான் சொல்கிறேன், என் மனைவி விஜிதா எழுதுகிறாள். என் வலக் கை இன்னும் பேனாவைப் பிடிக்க மறுக்கிறது. அந்தக் கையைத் தவிர இந்த நிகழ்ச்சிக்கு என்னிடம் வேறு சாட்சி இல்லை. பழம்பாடல்களுக்குப் பொருள் சொல்லி வாழ்கிறவன் நான். கதை கட்டத் தெரிந்திருந்தால், இதைவிட நம்பத்தக்க ஒன்றைக் கட்டியிருப்பேன்.

கடந்த கார்த்திகையில், வீடெங்கும் தீபம் ஏற்றும் விளக்கீட்டுக்கு முந்திய நாள் மாலையில் இது நடந்தது. நள்ளிரவு என்று எண்ண வேண்டாம். அப்போது இருட்டக்கூட இல்லை.

நான் பதுளையில் தமிழ் ஆசிரியன்; பெயர் சிற்றம்பலம். ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறிய வாசிகசாலை ஒன்று உண்டு. தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தின் கடைசி இரண்டு அறைகளைத் திருத்தி அதை அமைத்திருந்தார்கள். விளக்கீட்டை ஒட்டி அங்கே ஒரு புத்தகக் கண்காட்சி நடத்தித் தரும்படி கேட்டார்கள். தீ இடம்பெறும் நூல்களாகவே வைப்போம் என்று சொன்னவன் நான்தான். இறைவன் அடிமுடி காணாத சோதியாக நின்றதைப் பாடும் பதிகங்கள், நகரங்கள் எரிந்த வரலாறுகள், காட்டுத்தீயில் தப்பிய மான்குட்டியின் படக்கதை, குளிர் தாங்காமல் சூரியனைத் தேடிப் போன கரடியின் கதை… பெரியவர்களுக்கு முன் அறை. சிறுவர்களுக்கு உள் அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு நீலத் திரை தொங்கியது.

விஜிதாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. ஆதலால் எங்கள் ஆறு வயது மகள் வதனியையும் அழைத்துப் போனேன்.

வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியலெட்சுமி, நான் கொண்டுவந்த பெட்டிகளைக் கிளறிப் பார்த்தார்.

“என்னாங்க சேர், எதத் தொட்டாலும் நெருப்பாவே இருக்கு. நனைஞ்சுக்கிட்டே வந்திருக்கீங்க, ஒரு மழைக் கதையாவது வச்சிருக்கலாம்ல?”

“மழைதான் வெளியில பெய்யுதே, தங்கச்சி. அதுக்கும் புத்தகம் வேணுமே?”

அவர் சிரித்தார். பிறகு, நான் மேசைமேல் எடுத்து வைத்த பித்தளை விளக்கைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“வெளக்கு இன்னைக்கு ஏத்த மாட்டீங்கதானே?”

“நாளைக்குத்தான்.”

“நாளைக்குன்னாலும் வெளியில வச்சு ஏத்துங்க சேர். நான் போயி ஒரு பிளேன்டி ஊத்திக்கிட்டு வர்றேன்.”

ஏன் வெளியில் என்று நான் கேட்கவில்லை.

பனிமூட்டம் இறங்கியது. சன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்தன. திரைக்கு அப்பால் வதனி மான்குட்டிக் கதையை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். நான் நூல்களை விரித்து வைத்தேன்.

முதல் நூலில் ஒரு பக்கம் நனைந்திருந்தது. கோபுரம் எரியும் படம் உள்ள பக்கம். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். தகரம் உலர்ந்திருந்தது.

இரண்டாவது நூல். வேள்வித் தீயின் படம். அதுவும் ஈரம். அதற்கு முந்திய பக்கம் ஈரமில்லை. பிந்திய பக்கமும் ஈரமில்லை.

மூன்றாவது நூலை மூடியபடியே கையில் எடுத்தேன். திறக்கும் முன்பே அதிலிருந்து நீர் சொட்டியது. திறந்தேன்… தீ எரியும் பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

ஈரச் சாம்பலின் மணம் வந்தது.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு மின்சாரம் நின்றது.

அறை சாம்பல் நிறமாயிற்று. மனம் கலங்கினால் விளக்கேற்றிப் பதிகம் பாடுவது என் வழக்கம். பாக்கியலெட்சுமி சொன்னதை மறந்தேன். எண்ணெய் வார்த்தேன். திரியிட்டேன். ஏற்றினேன்.

‘சொத்…’

அணைந்தது. காற்றில்லை. திரியைத் தொட்டேன். நனைந்திருந்தது.

ஏற்றிய விளக்கு தானாக அணைவதைவிடத் தீய குறி எங்களுக்கு வேறில்லை. அதை அப்படியே விட என்னால் இயலவில்லை. புதுத் திரி முறுக்கினேன். மறுபடியும் ஏற்றினேன்.

வெளியே ஒரு வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது.

‘சொத்…’

மூன்றாம் முறை ஏற்றினேன். ஏற்றியிருக்கக் கூடாது.

இம்முறை சுடர் அணையவில்லை. உயரமாக, அசையாமல், எழுதிய படம்போல நின்றது. லயத்தின் வாசல் நெடுக யாரோ ஓடிவந்தார்கள். வெறுங்கால்கள். வாளியிலிருந்து நீர் தளும்பிச் சிந்தும் ஓசை. என் முதுகுக்குப் பின்னால் வந்து… நின்றது.

வதனியின் வாசிப்பும் நின்றது.

“அப்பா.”

“என்ன பிள்ளை?”

“இஞ்ச ரெண்டு பிள்ளையள் நிக்கினம்.”

“ஆர்?”

“தெரியாது. அழுகினம். கதவைத் திறக்கட்டாம்.”

எழுந்து ஓடினேன். உள் அறைக் கதவு மூடியிருந்தது. கறுத்த பலகைக் கதவு. அதில் ஒரு பழைய பூட்டுத் தொங்கியது. இடுக்குகளின் வழியே புகை கசிந்தது.

“வதனி!”

“அப்பா, சரியாச் சுடுது.”

பூட்டைப் பிடித்தேன். கை பொசுங்கியது. விடவில்லை. இழுத்தேன்.

‘சளார்!’

பனிபோல் குளிர்ந்த நீர் என் முதுகில் விழுந்தது. திரும்பினேன். எவரும் இல்லை. கால்கள் ஓடின. குழாயடி வரை போயின. திரும்பி வந்தன.

‘சளார்!’

நீர் கதவில் பட்டுக் கொதித்தது. என் காதருகே ஒரு பெண் மூச்சிரைத்தாள்.

ஐந்து வயதிலிருந்து பாடும் பதிகத்தை வாயெடுத்தேன். முதற்சொல் வரவில்லை…

“அப்பா…”

குரல் மெலிந்துவிட்டது.

விளக்கைப் பார்த்தேன்.

விளக்கை வாயால் ஊதி அணைப்பது எங்கள் வீட்டில் பெரும்பாவம். பூவால் மலையேற்றுவோம். பிறந்தநாள் மெழுகுவர்த்தியைக்கூட என் மகள் ஊதியதில்லை.

ஊதினேன்.

ஓசை நின்றது.

புகை இல்லை. திரையை விலக்கிக்கொண்டு வதனி வந்தாள். மேனி உலர்ந்திருந்தது. தலைமயிரில் மட்டும் புகை மணம். மகளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினேன்.

பாக்கியலெட்சுமி தேநீரோடு எதிரே வந்தார். என் கையைப் பார்த்தார். தம் வீட்டுக்கு அழைத்துப் போய்த் துணி நனைத்துச் சுற்றினார்.

“ஏத்திட்டீங்களா?”

தலையசைத்தேன். தணிந்த குரலில் சொன்னார்.

“அந்த உள் அறையில முந்தி ஒரு பொண்ணு குடியிருந்துச்சுங்க. கார்த்திகைக்கு சாமி வெளக்க ஏத்தி வச்சுட்டு, ரெண்டு பிள்ளைகளையும் உள்ள வச்சுப் பூட்டிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிருச்சு. வெளியில போயி விழுந்துருவாங்கன்னு அப்பல்லாம் அப்படித்தான் பூட்டுவோம். வெளக்கு சாஞ்சுருச்சு. முதல்ல ஓடி வந்ததும் அவதான். தண்ணி தூக்கித் தூக்கி ஊத்தினா. நாங்க மலையிலருந்து எறங்கி வர்ற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருந்தா.”

“கதவை உடைக்கேலாமல் போச்சோ?”

“சாவி அவ இடுப்புலயே இருந்துச்சுங்க சேர். பதட்டத்துல ஞாபகமே வரல.”

வதனி என் தோளில் முகம் புதைத்திருந்தாள்.

“அந்தக் கதவைக் கழட்டிப் போடுங்கோ,” என்றேன். “இனி ஒரு பிள்ளையும் அதுக்குள்ள அகப்படக் கூடாது.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“எந்தக் கதவுங்க?”

“உள் அறைக் கதவு.”

“அங்க ஏதுங்க கதவு? அன்னைக்கு எரிஞ்சதோட சரி. அதுக்கப்புறம் யாரும் போட விடல. அதனாலதானே திரை தொங்குது.”

உண்மை. திரையைத்தான் நானும் பார்த்திருந்தேன்.

விஜிதா தினமும் என் உள்ளங்கைக்கு மருந்து கட்டுகிறாள். கை முழுவதும் வெந்து தோல் உரிந்துவிட்டது. நடுவில் ஓர் இடம் மட்டும் வேகவில்லை. மேலே வட்டம், கீழே சிறு கோடு. ஒரு சாவித் துவாரத்தின் வடிவம்.

எத்தனை முறை துடைத்துக் கட்டினாலும், காலையில் அவிழ்க்கும்போது அந்த இடம் மட்டும் நனைந்திருக்கிறது.