மூன்று பாட்டில் தண்ணீர்

1. செம்மண் பாடம்

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ஒரு சொம்புத் தண்ணீரில் எவ்வளவு செம்மண் கரைக்க வேண்டும் என்பது. அதிகம் கரைத்தால் தண்ணீர் ஃபில்டரின் கேண்டில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சொட்டாது. வாங்க வந்தவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். குறைவாகக் கரைத்தால் வித்தை எடுபடாது. அரைக் கைப்பிடி மண்தான் சரியான அளவு.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. தர்மபுரி டவுனில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். இன்றைக்கு வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ. மெஷினின் பெயரைக்கூட அப்போது எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்களிடம் இருந்தது கேண்டில் ஃபில்டர். எவர்சில்வரில் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் வெள்ளைப் பீங்கானில் மெழுகுவத்தி மாதிரி இரண்டு கேண்டில் இருக்கும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து கீழ் அடுக்குக்கு வரும். அங்கே ஒரு சின்னக் குழாய்.

அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். பென்னாகரம் பக்கம் போக ஒகேனக்கல் பஸ்தான். அருவியில் குளிக்கப் போகிறவர்களுக்கு நடுவில் நான் மட்டும் தண்ணீர் ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்டக்டர் தினமும் கிண்டல் செய்வார்.

செம்மண் கரைத்த தண்ணீரை மேலே ஊற்றி, கீழே தெளிவாக வருவதைக் காட்டுவதுதான் வித்தை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க நேரம் பிடிக்கும். அதுவரை ஆளை எழுந்து போகவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணை நிறுத்தும், கிருமியை நிறுத்தும் என்றுதான் முதலாளி சொல்லச் சொன்னார். கேட்பவர்கள் நன்றாகத் தலையாட்டுகிறார்களே என்று நானாகவே ஒன்று சேர்த்துக்கொண்டேன்: தண்ணீரில் இருக்கிற உப்பு, விஷம், எது கெட்டதோ அத்தனையையும் இது பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்கு அது பொய் என்று தெரியாது. உண்மை என்றும் தெரியாது. வாய் இருந்தது, பேசினேன்.

2. அமலோற்பவம் வீட்டு வாசல்

பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே அமலோற்பவம் என்று ஒரு பெண். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் அவளும் ஒன்றரை வயது மகள் ஜெசிந்தாவும்தான். கோயிலில் பூசை முடிந்து வந்தவர்கள் நாலு பேர் நின்று பார்க்க, அவள் வீட்டு வாசலில் வித்தையைத் தொடங்கினேன்.

அன்றைக்கு மண் கரைக்க அவசியமே இல்லை. அவள் குடத்தில் இருந்த தண்ணீரே கலங்கலாக இருந்தது. எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். புருஷனுடைய அண்ணன் கிணறு என்றாள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கிணறு அண்ணன் பக்கம் போய்விட்டதாம். ஒவ்வொரு குடத்துக்கும் ஓரகத்தி லூர்துமேரியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். வாசலிலேயே சர்க்கார் போட்ட போர் பைப்பு இருந்தது. அடித்தால் பளிங்கு மாதிரி தண்ணீர் வரும். வாயில் வைத்தால் என்னவோ மாதிரி இருக்கிறது என்று அதைத் துணி துவைக்க மட்டும் வைத்திருந்தாள்.

எனக்கு அது போதும். கிணற்றுத் தண்ணீரை டம்ளரில் எடுத்துத் தூக்கிக் காட்டி, இது தண்ணீர் இல்லை, சாக்கடை என்றேன். கூட்டத்தில் லூர்துமேரியும் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஃபில்டரில் ஊற்றுங்கள், பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது என்று அடித்துச் சொன்னேன்.

அமலோற்பவம் வாங்கினாள். அன்றே ஓரகத்தியிடம், இனிமேல் உங்கள் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அடுத்த தடவை கேண்டில் கழுவிக் கொடுக்கப் போனபோது இதைச் சந்தோஷமாக என்னிடம் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். அக்கம்பக்கத்து ஊர்களில் ஃபில்டர் விற்க அவள் வீட்டைத்தான் உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

3. சிவப்பும் மஞ்சளும்

எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் கடைக்கு அண்டா வாங்க ஒருவர் வந்தார். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். நான் வேறு யாருக்கோ செம்மண் வித்தை காட்டிக்கொண்டிருந்ததைக் கடைசிவரை நின்று பார்த்தார். ஃபுளோரைடு போகுமா என்று கேட்டார். எல்லாம் போகும் சார் என்றேன். அப்படியானால் ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிற வீட்டிலிருந்து ஊற்றுவதற்கு முன்னால் ஒரு பாட்டில், சொட்டியதற்குப் பின்னால் ஒரு பாட்டில் கொண்டு வா என்றார்.

சர்க்கார் ஆளே நல்லது என்று சொல்லிவிட்டால் வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். அமலோற்பவம் வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்தேன். திரும்பும் வழியில் ஒரு யோசனை வந்தது. கிணற்றுத் தண்ணீரையும் கொண்டு போனால் அது எவ்வளவு மட்டம் என்று தெரிந்துவிடுமே. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதில் ஒரு பாட்டில் மொண்டுகொண்டேன். ஆக மூன்று.

அவர் மூன்று கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மருந்தைக் கலந்து வைத்தார். ஃபுளோரைடு இருந்தால் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும் என்றார். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிட்டுக் காட்டினார். போர் தண்ணீர் மஞ்சள். ஃபில்டரில் சொட்டிய தண்ணீரும் அதே மஞ்சள், ஒரு இழை வித்தியாசம் இல்லை. நான் சாக்கடை என்று சொன்ன கிணற்றுத் தண்ணீர் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

"ஃபுளோரைடு தண்ணியில கரைஞ்சு கெடக்கறதுப்பா. கேண்டிலுக்கு அது தெரியாது. கொதிக்க வெச்சா தண்ணிதான் ஆவியாப் போவும், அது அப்படியே நிக்கும், இன்னுங் கொஞ்சம் கூடும். பல்லு உருவாவற வயசுல குடிச்சா பல்லுல கறையா வரும். வருஷக்கணக்கா குடிச்சா எலும்புல போயி உக்காரும்."

கொதிக்க வைக்கச் சொன்னது நான். உடனே ஒரு ஆள் நினைவுக்கு வந்தார். பென்னாகரம் வழியில் ஒரு டீக்கடைக்காரர் உண்டு. கழுத்தும் முதுகும் மடங்காது. யாராவது கூப்பிட்டால் உடம்பை முழுக்கத் திருப்பித்தான் பார்ப்பார். வாத நோய் என்று நினைத்திருந்தேன். அவர் ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். அங்கேயும் இதேதான் என்றார் பரிசோதனைக் கூடத்துக்காரர். அந்த ஊரில் பலருக்குப் பல் பழுப்பாக இருப்பதும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

4. பதினொரு நாள்

முதலாளியிடம் சொன்னேன். கல்லாவை விட்டு எழாமலே கேட்டார். கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்தான்.

"நாம வித்தது பாத்திரம்பா. தண்ணிய நாமளா வித்தோம்? நீ போயி ஒரு வூட்ல வாயத் தொறந்தீன்னா, நாளைக்கு அத்தன ஃபில்டரும் கடை வாசல்ல வந்து நிக்கும்."

முதலாளி தடுத்ததால்தான் போகவில்லை என்று சொன்னால் அது பொய். நான் போகாததற்குக் காரணம் என் பயம். அந்த ஊர்க்காரர்கள் அடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். அமலோற்பவத்தின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். எல்லாவற்றையும்விட அந்தக் குழந்தை வாயைத் திறந்து சிரித்தால் உள்ளே என்ன தெரியுமோ என்று பயந்தேன். ஒருநாள் பஸ் ஏறினேன், டீக்கடை ஸ்டாப்பிலேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இன்னொரு நாள் காய்ச்சல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் வீட்டில் யாராவது தண்ணீர் குடித்தால் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் மறுபடி அதே டீக்கடையில் இறங்கினேன். டீ கேட்டேன். கடைக்காரர் முதுகைக் காட்டி நின்றவர், காலை எடுத்து வைத்து, தோளைத் திருப்பி, உடம்பைத் திருப்பி, கடைசியில் முகத்தைக் காட்டினார். என்னப்பா, பேய் அறைந்த மாதிரி நிற்கிறாய் என்று சிரித்தார். டீயைக் குடிக்காமல் அங்கிருந்து நடந்தே போனேன்.

5. கிணற்றடி

அமலோற்பவம் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் நின்று டம்ளரில் ஃபில்டர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் ஒரு வாய்கூடப் போகக் கூடாது என்று நினைத்ததால், வணக்கம்கூடச் சொல்லாமல் விஷயத்தை ஆரம்பித்தேன். மூன்று குழாய்களையும், கொதிக்க வைப்பதையும், பல்லையும் எலும்பையும் சொன்னேன்.

நடுவிலேயே அவள் எழுந்து, பிள்ளையின் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தரையில் ஊற்றினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

நேற்றுத்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினொரு நாளாச்சுங்க."

"பதினொரு நாளும் எம்புள்ள இதத்தானுங்க குடிச்சுது."

அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம். ஊரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடுவாள் என்றுதான் ஒவ்வொரு நொடியும் பயந்துகொண்டு நின்றேன். அவள் உள்ளே போய் ஒரு காலிக் குடத்தைக் கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள்.

"எங்க ஓரகத்தி முன்னால அந்தத் தண்ணிய சாக்கடைன்னு சொன்னது நீங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வந்தது நானு. எனக்கு மறுக்கா போயி கேக்க மூஞ்சி இல்லீங்க. நீங்க வந்து கேளுங்க."

குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். லூர்துமேரி கிணற்றடியில் வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். குடத்தோடு வருகிற என்னைப் பார்த்ததும் சேலையைச் செருகிக்கொண்டு நேராக நின்றார். சாக்கடைக்கு எதற்குக் குடம் என்று கேட்டார்.

என்னிடம் அன்றைக்குப் பேச்சுத் திறமை ஒன்றும் மிச்சமில்லை. நான் சொன்னது தப்பு, உங்கள் தண்ணீர்தான் நல்ல தண்ணீர், மண் மட்டும்தான் அதில் இருக்கிறது, பிள்ளைக்காகக் கொடுங்கள் என்றேன். அவர் என்னைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. எனக்குப் பின்னால் தள்ளி நின்றவளைத்தான் பார்த்தார்.

"ஏ அமலோ, நம்ம வூட்டுப் புள்ளைக்குத் தண்ணி கேக்கறதுக்கு நீ ஆளு வெச்சுக் கூட்டியாருவியா?"

அமலோற்பவம் அழுதுவிட்டாள். லூர்துமேரி குழந்தையை வாங்கிக்கொண்டு, கயிற்றை என்னிடம் நீட்டி, சேந்து என்றார். சேந்தினேன். குடத்தை நானே தோளில் சுமந்து போய் ஃபில்டரின் மேல் அடுக்கில் ஊற்றினேன். கலங்கல் மேலே நின்றது, தெளிந்த நீர் கீழே சொட்டியது. எத்தனையோ வாசலில் காட்டிய வித்தைதான். ஆனால் முதல் டம்ளர் நிறைந்து குழந்தை குடிக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை. கேண்டில் செய்யத் தெரிந்த வேலை அதுதான், மண்ணை நிறுத்துவது. அதற்கேற்ற தண்ணீரை நான்தான் ஊற்றவிடாமல் செய்திருந்தேன்.

அதன் பிறகு ஆர்டர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். சில வீட்டில் வைதார்கள். ஒரு வீட்டில் மேல் அடுக்கைத் தூக்கி வீதியில் எறிந்தார்கள். முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, ஆனால் வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

6. பல் முளைக்கும்வரை

எட்டு மாதம் குடித்ததால் என்ன ஆகும் என்று பரிசோதனைக் கூடத்துக்காரரைக் கேட்டேன். பால் பல்லில் தெரியாது, விழுந்து முளைக்கிற பல்லைப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அதற்கு இன்னும் நாலைந்து வருடம் இருந்தது. அத்தனை வருடமும் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டேதான் ஃபில்டர் விற்றேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் வீட்டுக்குப் போய்க் கேண்டில் கழுவிக் கொடுத்தேன். ஜெசிந்தாவைச் சிரிக்க வைக்க என்னென்னவோ கோமாளித்தனம் செய்தேன். அவளுக்கு என்னைக் கண்டால் வாய் மூடிக்கொள்ளும். முன்பல் இரண்டும் விழுந்த வருடம்தான் வாய்விட்டுச் சிரித்தாள், பார்க்க அங்கே பல் இல்லை.

பல் முளைத்தது. கறை இல்லை, பழுப்பு இல்லை. முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே சாக்பீஸால் இழுத்த மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் இருந்தது. இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றும் இல்லை, பயப்படாதே என்றார் பரிசோதனைக் கூடத்துக்காரர். அவள் அம்மாவுக்குக்கூட அது கண்ணில் படவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோடு தெரியும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். பதினோராம் நாள் போகாதீர்கள்.

போன மாதம் ஜெசிந்தா போன் செய்தாள். ஓசூரில் வீடு கட்டியிருக்கிறாளாம், அம்மாவும் கூடவே இருக்கிறார்களாம், சமையலறைக்கு எந்த ஆர்.ஓ. வாங்கலாம் என்று கேட்டாள். நான் பழையபடி ஆரம்பித்தேன்: மெஷின் இருக்கட்டும்மா, முதலில் வீட்டுக்கு வருகிற தண்ணீரில் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து...

அவள் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டாள்.

"மூணு பாட்டில்தானுங்களே? போரு, கொழாத் தண்ணி, லாரித் தண்ணி மூணுலயும் அம்மா நேத்தே புடிச்சு வெச்சிட்டாங்க. எந்த ஃபில்டர்காரன் சொன்னாலும் நம்பாத, உங்ககிட்ட கேட்டாலும் லேபுக்குக் குடுத்துட்டுத்தான் கேக்கோணும்னு சொல்லிட்டாங்க."