அழகுக்கு வைத்த கொடி

என் அப்பாவுக்கு நான் விஷம் கொடுத்ததாக உறவில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருப்பவள், "ஒங்க வீட்டுல இப்பமும் அந்தச் செடியெல்லாம் இருக்கா?" என்று குசலம் விசாரிப்பாள், அவ்வளவுதான். நடந்தது அவர்கள் பேசுவதைவிட மோசம்.

அம்மா போன பிறகு அப்பா திசையன்விளையில் தனியாகத்தான் இருந்தார். பலசரக்குக் கடையைக் கைமாற்றி விட்டதும் அவரால் அங்கே இருக்க முடியவில்லை. சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு வீடு சின்னதாம். அதனால் பாளையங்கோட்டைக்கு, இரண்டாவது மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் ஆகாமல் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவளுக்கு வேறு என்ன சோலி இருக்கப்போகிறது என்று எல்லாரும் சேர்ந்து முடிவுசெய்துவிட்டார்கள்.

வந்த மாதமே பல் டாக்டர் அப்பாவின் வாயில் வெள்ளைப் படையைப் பார்த்துவிட்டு, வெற்றிலை பாக்கை அன்றோடு விடச் சொன்னார். ஐம்பது வருஷப் பழக்கம். நான் ஒரே நாளில் நிறுத்தினேன். வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

"ஏளா, ஒண்ணே ஒண்ணு தா. வாய் நமநமங்குது."

கடைத்தெருவே அண்ணாச்சி என்று எழுந்து நின்ற மனிதர் என்னிடம் கெஞ்சினார். நான் மசியவில்லை. அவர் உடம்பை நினைத்துத்தான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பாதிதான். என் புதுத் தரைக் கற்களில் விழுந்த சிவப்புக் கறை மறுபாதி.

அந்த வீட்டில் நான் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, கூடத்துக் கிழக்கு ஜன்னலோரம் ஒரு பிலோடென்ட்ரான், இதய வடிவில் பச்சைப்பசேலென்று இலை விடும் அழகுக்கொடி. நாங்குநேரி போகும் சாலையில் ஒரு நர்சரியில் வாங்கியது. நேர் வெயில் ஆகாது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். தென்னை நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிட்டேன், கிடுகிடுவென்று தலைக்குமேல் போய்விட்டது. எங்கள் தெருப் புழுதிக்கு இலை ரெண்டே நாளில் மங்கிவிடும். அதனால் தினமும் காலையில் ஈரத்துணியை எடுத்து ஒவ்வோர் இலையாகத் துடைப்பேன். அப்பாவிடம் காட்டாத பொறுமையையெல்லாம் அந்த இலைகளிடம் காட்டினேன்.

அப்பா நாற்காலியில் இருந்தபடி நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்புரை முற்றியிருந்தது, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. சில மாதங்களில் வெற்றிலை கேட்பதை அடியோடு விட்டுவிட்டார். முகத்தில் ஒரு தெளிச்சி. என்மேல் இருந்த கோபமும் போய்விட்டது. "நல்லாத் தழையுதுளா" என்பார். பழக்கம் விட்டுப்போயிற்று என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தால், அப்பா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறார். எச்சில் நெஞ்சில் வழிகிறது. நாக்கு தடித்து வெளியே தள்ளியிருக்கிறது, பேச்சு வரவில்லை. மடியில் கிள்ளிப்போட்ட காம்பும் இலை நுனியும் கிடந்தன. பெருவிரலில் சுண்ணாம்பு.

பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அழுதுவிட்டாள். "பாக்கும் சுண்ணாம்பும் மட்டுந்தான் கேட்டாவ. பாவமா இருந்துச்சு, குடுத்தேன். வெத்தலை எங்கிட்ட இருக்குன்னாவ."

ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தச் செடியின் சாறு ஊசி ஊசியாய்க் குத்தி வாயைப் புண்ணாக்கிவிடும், மூச்சு அடைக்காமல் வந்ததே பெரிது என்றார் டாக்டர். அண்ணன் போனில் கத்தினான். "செடி வளக்குதியா, அப்பாவக் கொல்லுதியா?" கத்தினானே தவிர வண்டி ஏறவில்லை.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து அப்பாவுக்குப் பேச்சு வந்தது. ஏன்ப்பா அதைப்போய்த் தின்னீங்க என்று கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகவே.

"கொடி எனக்குன்னுல்லா நெனச்சேன்" என்றார். "எம்புட்டுப் பக்குவமா ஈரத்துணி போட்டுத் தொடைக்க. கடையில வாங்கித் தந்தா டாக்டர் வைவாருன்னு, மக வீட்டுலயே வெத்தலைக்கொடி போட்டிருக்கான்னு நெனச்சேன். முத்தட்டும், அவளே கிள்ளித் தருவான்னு காத்துக் கெடந்தேன். பொறுக்க முடியலை. வாயில வச்சா மணமும் இல்ல, காரமும் இல்ல. எளங்கொடிதானேன்னு மென்னுட்டேன்."

அத்தனை மாதமும் அவர் முகத்தில் இருந்த தெளிச்சிக்கு அதுதான் காரணம். தினம் காலையில் மகள் தனக்காகப் பாடுபடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குத்தான வச்ச?" என்று மறுபடியும் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் வாயைப் புண்ணாக்கிய இலையை அவருக்கென்றே வளர்த்தவள் ஆவேன். மூன்று நாள் தூக்கமில்லாத எரிச்சல் வேறு. "இல்லப்பா. அது அழகுக்கு வச்சது" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கொடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவர் நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் ஒன்றரை வருஷம் என்னோடு இருந்தார், என்னோடு இருந்துதான் இறந்தார். அந்த ஒன்றரை வருஷத்தில் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தாகம் எடுத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரே அடுக்களைக்குப் போவார். நான் ஓடிப்போய்த் தம்ளரை நீட்டினால், முன்பின் தெரியாத வீட்டில் வாங்குகிறவரைப் போல, "ஒங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.